மாட்டு டொக்டர் என்று சிரிக்காதீர்கள்

சனிக்கிழமைகளில் லாச்சப்பலுக்குப் போவது என் பழக்கம். முருங்கைக்காயும் கீரையும் ஆர்ஜொந்தெயிலும் கிடைக்கும். ஊர்க்கதை லாச்சப்பலில்தான் கிடைக்கும். அண்மையில் ஒரு சனிக்கிழமை, கடை வாசலில் பையோடு நின்ற என்னிடம் தெரிந்த தம்பி ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினார். "அண்ணை, இதைப் பாருங்கோ. ஊரிலயிருந்து வந்தது."

வயலுக்குள் ஒரு யானை பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. கண்ணைத் துணியால் மூடியிருக்கிறார்கள். ஒருவர் வாளியால் அள்ளி அள்ளிக் காதில் தண்ணீர் ஊற்றுகிறார். இன்னொருவர் அதன் தோளோடு சாய்ந்து, முழங்கை வரை கையைப் புண்ணுக்குள் விட்டு எதையோ தேடுகிறார். சீழ் ஓடுகிறது. வரம்பு முழுக்கச் சனம். எல்லோர் கையிலும் தொலைபேசி.

கடை வாசலில் நாங்கள் ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தோம். ஒருவர் "பாவமப்பா" என்றார். பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "என்ன பாவம்? போன போகம் எங்கட மச்சானின்ர வயல் முழுக்கத் திண்டது உதுகள்தான்." மூன்றாமவர் கேட்டார்: "உள்ளுக்குக் கை விட்டுக்கொண்டு நிக்கிறவர் ஆர்? மாட்டு டொக்டரோ?" எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என் இளைய மகள் சொன்னாள்: "அப்பா, லிசே முடிய நான் வெத்தெரினேர் படிக்கப்போறன். வீட்டு நாய் பூனைக்கு இல்லை. காட்டு மிருகங்களுக்கு." மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டு இஞ்ச வந்தது பிள்ளையை மாட்டு டொக்டர் ஆக்கவோ?" பகல் சிரித்த அதே சொல் இரவு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காணொளியை மகளிடம் கொடுத்தேன். அவள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எனக்கு விளங்கப்படுத்தினாள். பிறகு நானும் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு யானையை மயக்குவது மனிதரை மயக்குவது போன்றதல்ல. மனிதருக்கு எடை பார்த்து, இரத்தம் சோதித்து, இரவிலிருந்து சாப்பிடாமல் இருக்கச் சொல்லித்தான் மருந்து கொடுப்பார்கள். காட்டு யானையின் எடையைத் தூரத்தில் நின்று கண்ணால் மட்டிட வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அரை மயக்கத்தில் எழும்பி ஆளை மிதிக்கும். கொஞ்சம் கூடினால் மூச்சு நிற்கும். ஊசி பட்டவுடன் விழுந்தும் விடாது. பத்துப் பதினைந்து நிமிடம் போகும். அதற்குள் அது ஓடும். குளத்துப் பக்கம் ஓடி, தும்பிக்கை தண்ணீருக்குள் இருக்க விழுந்தால் மூழ்கிச் சாகும்.

விழுகிற விதமும் முக்கியம். எங்கள் நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. யானைக்கு அந்த இடைவெளி கிடையாது. நுரையீரல் நெஞ்சோடு ஒட்டியே இருக்கும். ஆகவே அது நெஞ்சு நிலத்தில் அழுந்தக் குப்புற விழுந்தால், தன் பாரமே தன்னை மூச்சுவிட விடாது. பக்கவாட்டில் புரட்ட வேண்டும். நாலாயிரம் கிலோவைப் புரட்ட எத்தனை பேர், எத்தனை கயிறு, எத்தனை உழவு இயந்திரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பயத்தால்தான் முடிந்தவரை யானையை விழுத்தாமல், நின்றபடியே தூங்கி வழியும் அளவுக்கு மட்டும் மருந்து கொடுத்து வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் கும்கி யானைகள் இரண்டு பக்கமும் நின்று தாங்கும். எங்கள் பக்கம் அந்த வசதியும் இல்லை.

காதில் தண்ணீர் ஊற்றியது குளிப்பாட்டுவதற்கு அல்ல. யானை தன் உடம்புச் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காதால்தான். மயக்கத்தில் காதை வீச முடியாது. வெயில் ஏறினால் உள்ளேயே வெந்துவிடும். ஆகவே ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் தும்பிக்கை நுனியில் மூச்சை எண்ண வேண்டும். இவ்வளவும் நடக்கும்போதுதான் மருத்துவர் புண்ணுக்குள் கை விடுகிறார்.

புண் பெரும்பாலும் துவக்குச் சூட்டுப் புண். இடியன் துவக்கால் சுட்டால் யானை உடனே சாகாது. சன்னம் தடித்த தோலுக்கும் தசைக்கும் கீழே போய் இருந்துவிடும். வெளியில் சின்ன ஓட்டை, உள்ளே வாளி கணக்கில் சீழ். மருத்துவர் எல்லாச் சன்னத்தையும் தேடி எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. புண்ணைப் பெரிதாகத் திறந்து, அழுகிய தசையை வெட்டி, கழுவி, மருந்து விட்டு, அப்படியே திறந்த புண்ணாக விட்டுவிடுகிறார். தைத்தால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். நோயாளி நாளைக்குக் கட்டு மாற்ற வரப்போவதில்லை. கிழமைக்கணக்கில் உடம்பில் நிற்கக்கூடிய கிருமிக்கொல்லி மருந்தைப் பல இடங்களில் ஏற்றிவிட்டு, கடைசியாகக் காது நரம்பில் மாற்று மருந்தைப் போட்டுவிட்டு, எல்லோரும் ஓட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது எழும்பிவிடும். எழும்பும் யானைக்குத் தன்னைச் சுட்டவன் யார், மருந்து போட்டவன் யார் என்று தெரியாது.

மகள் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அப்பா, இது சத்திரசிகிச்சைதானே?" என்று கேட்டாள். மேசை, விளக்கு, கதவு எதுவும் இல்லாத சத்திரசிகிச்சை என்றால் எங்கள் தலைமுறைக்குப் புதிதில்லை. 2009இல் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்துக்குள் மருத்துவர்கள் மருந்தில்லாமல் என்ன செய்தார்கள் என்பது இதை வாசிக்கிற பலருக்கு நேரில் தெரியும். மனிசரோடு மிருகத்தை ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம், நான் ஒப்பிடவில்லை. வசதி இல்லாத இடத்தில் கையை மட்டும் நம்பி வேலை செய்கிறவரைப் பார்த்து சிரிக்கத்தகாத சனம் ஒன்று உண்டென்றால் அது நாங்கள்தான் என்கிறேன்.

போர் மிருகங்களையும் விட்டுவைக்கவில்லை. பின்னவல யானைகள் சரணாலயத்துக்குப் போனவர்கள் சமா என்ற யானையைப் பார்த்திருப்பார்கள். குட்டியாக இருந்தபோது கண்ணிவெடியில் முன்னங்கால் பாதத்தை இழந்தது. மூன்று காலில் நின்ற அதைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்தார்கள். தாய்லாந்தில் லம்பாங் என்ற இடத்தில் 1993இல் தொடங்கிய யானைகள் மருத்துவமனை இருக்கிறது. பர்மா எல்லைப் பக்கம் 2006இல் ஏழு மாதக் குட்டியாக வெடியில் கால் இழந்த மோஷாவுக்கு அங்கேதான் செயற்கைக்கால் பொருத்தினார்கள். வளர வளரக் காலை மாற்றினார்கள். ஜெய்ப்பூர் கால் என்ற சொல்லைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்ட எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் துவக்குச் சூட்டை விட, கண்ணிவெடியை விட, மருத்துவரைக் கைவிரிக்க வைக்கிற காயம் ஒன்று உண்டு. பன்றிக்கு வைக்கிற வெடி. பூசணிக்காய்க்குள்ளோ வெள்ளரிக்காய்க்குள்ளோ வெடிமருந்தையும் கல்லையும் வைத்துவிடுவது. சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' என்கிறார்கள், 'ஹக்க' என்றால் தாடை. தமிழ்நாட்டில் அவுட்டுக்காய். பன்றிக்கு என்று வைத்ததை யானைக்குட்டி எடுத்துக் கடிக்கும். தாடை சிதறும், நாக்கு கிழியும். பசி இருக்கும், வாய் இருக்காது. எத்தனை கெட்டித்தனமான மருத்துவர் வந்தாலும் சிதறிய தாடையைக் காட்டுக்குள் வைத்துப் பொருத்த முடியாது. யானை நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 2020 மே மாதம் கேரளத்தில் சினையாக இருந்த ஒரு யானை இப்படி வாய் சிதறி, வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் போய் நின்றபடியே இறந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. எங்கள் முகநூலிலும் எல்லோரும் அழுதோம். எங்கள் மாவட்டங்களில் வைக்கப்படும் வெடியைப் பற்றி அன்று எவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

இலங்கையில் 2023ஆம் ஆண்டு மட்டும் 488 யானைகள் செத்தன. அதே ஆண்டு யானையால் இறந்த மனிதர் 180க்கு மேல். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் பாதிக் கதைதான் சொல்கிறார்.

என் அத்தான், அக்காவின் கணவர், ஒட்டுசுட்டான் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். போன காலபோகத்தில் கதிர் முற்றிய நேரம் ஒரே இரவில் ஒரு ஏக்கர் போய்விட்டது. விடியக் காலை என்னை எடுத்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "கடன் இருக்கு மச்சான், என்ன செய்யிறது" என்றார். பாரிஸில் சூடான வீட்டுக்குள் இருந்துகொண்டு "யானையும் ஒரு உயிர்தானே அத்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவும் கூடாது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இரவு முழுக்க டோர்ச் லைற்றோடு வயலில் நிற்பவர் அவர்தான்.

ஆனால் அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்கிறேன். 2018 ஜூன் 21ஆம் திகதியை நினைவிருக்கிறதா? கிளிநொச்சி அம்பாள்குளம். ஊருக்குள் வந்த சிறுத்தை பத்துப் பேர் அளவில் காயப்படுத்தியது. காயப்பட்டவர்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தைச் சேர்ந்தவரும் ஒருவர். கடைசியில் சனம் அதைப் பொல்லால் அடித்தே கொன்றது. காணொளி அன்று பின்னேரமே லாச்சப்பலுக்கு வந்துவிட்டது. பாதிப் பேர் ஊர்ச்சனத்தைத் திட்டினார்கள், பாதிப் பேர் திணைக்களத்தைத் திட்டினார்கள். நான் இரண்டாவது பகுதி. மயக்க ஊசியோடு ஒருவர் நேரத்துக்கு வந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் கத்தினேன்.

இப்போது யோசித்தால் அது பாதிதான் சரி. அந்தத் திணைக்களத்தில் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஒருவரே மாவட்டம் மாவட்டமாக ஓடுகிறார். அதைக் கேட்பது எங்கள் உரிமை, கேட்க வேண்டும். ஆனால் ஊசியோடு அவர் வந்திருந்தாலும், சிறுத்தைக்கு ஊசி பட்டு மயக்கம் ஏறும் அந்த நிமிடங்கள் முழுவதும் சனம் தூர நின்றிருக்க வேண்டும். சத்தம் போட்டு, கல்லெறிந்து, படமெடுக்க முண்டியடித்தால் பயத்தில் இருக்கிற மிருகத்துக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. காட்டில் நடக்கும் சத்திரசிகிச்சையில் கதவை மூடி வைத்திருக்க வேண்டிய வேலை சனத்தினுடையது. அந்த வேலையை எங்கள் ஊர்களில் எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மருத்துவர் நேரத்துக்கு வந்தும் போன உயிரும் உண்டு. 2020 மே மாதக் கடைசியில் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் கருஞ்சிறுத்தை என்பது காணக்கிடைக்காத ஒன்று. மயக்கி, சுருக்கை வெட்டி எடுத்து, உடவளவவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1995இலிருந்து அநாதை யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் நிலையம் இருக்கிறது, மருத்துவ வசதியும் இருக்கிறது. மலையிலிருந்து அங்கே போவது நீண்ட பாதை. மூன்று நாளில் அது செத்தது. கம்பி கழுத்தில் இறுகியபோதே பாதி முடிந்துவிட்டது. ஒரு சுருக்குக் கம்பி சைக்கிள் பிறேக் வயரின் விலைகூட வராது.

ஆகவே என் கருத்து இதுதான். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை நூற்றாண்டு மலருக்கும் காசு சேர்க்கின்றன. நல்லது, நானும் கொடுக்கிறேன். அதில் ஒரு பங்கை வயல் வேலிக்குக் கொடுக்கலாம். காட்டெல்லையில் மைல்கணக்கில் அரசாங்கம் போடுகிற மின்வேலியைச் சொல்லவில்லை. அந்த வேலியின் இரண்டு பக்கமும் யானை நிற்கிறது. பிரித்திவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் நாடு முழுக்கக் கணக்கெடுத்து, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று 2021இல் எழுதினார்கள். யானையைக் காட்டுக்குள் அடைக்கும் பேச்சு இந்தக் கணக்கில் எடுபடாது. அவர்கள் சொல்வது வேறு வேலி. ஊரைச் சுற்றி ஒன்று நிரந்தரமாக. வயலைச் சுற்றி இன்னொன்று, விதைத்ததும் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி, அரிவு வெட்டிய வயலில் யானை மேய்ந்துவிட்டுப் போக விடுவது. பராமரிப்பது கமக்காரர்களே. இது முழுத் தீர்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலி இருக்கிற வயலுக்குள் இடியன் துவக்கோடு படுத்திருக்க வேண்டிய தேவை குறையும். துவக்கு குறைந்தால் முழங்கை வரை கை விடுகிற வேலையும் குறையும். சங்கம் காசு கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் வைக்கலாம்: பன்றிவெடியும் சுருக்குக் கம்பியும் வைக்கிறவருக்கு வேலி இல்லை. கோபுரத்துக்குக் கல்வெட்டில் பேர் போடச் சொல்லி நிபந்தனை வைக்கிறவர்களுக்கு இது கஷ்டமில்லை.

மற்றது பிள்ளைகள். முழு இலங்கைக்கும் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் ஒன்றுதான். எங்கள் வீடுகளில் மருத்துவம் கிடைக்காதவன் போகிற இடம் என்று அதை நினைத்துப் பழகிவிட்டோம். அந்த நினைப்பை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்தோம். ஆனால் நாங்கள் வந்து இறங்கியிருப்பது எங்கே? உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் நிறுவப்பட்டது லியோனில். சில ஆண்டுகளில் அடுத்தது பாரிஸுக்குப் பக்கத்தில், மேசோன் அல்போரில். எட்டாம் இலக்க மெத்ரோவில் அந்தப் பள்ளியின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கிறெத்தேய் பக்கம் வேலைக்குப் போன காலத்தில் நான் எத்தனை வருடம் அந்தப் பெயரை வாசித்துக்கொண்டே கடந்திருக்கிறேன். உள்ளே காட்டு உயிர்களுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது. முள்ளெலி, ஆந்தை, காட்டுப்புறா எல்லாம் நோயாளிகள். அனுமதிப் போட்டியும் லேசானதல்ல, மகளின் ஆசிரியை சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

தமிழனுக்கு இது புதுத்தொழிலும் இல்லை. தமிழ்நாட்டு வனத்துறையில் மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுக்க யானைகளோடுதான் இருந்தார். டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் அவரைத் தெரியாத பாகன் இல்லை. செத்த காட்டு யானையைக் காட்டிலேயே அறுத்துப் பார்த்து, ஏன் செத்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 2002இல் காலமானார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வந்த பிறகுதான் எங்களில் பலருக்கு அப்படி ஒருவர் வாழ்ந்ததே தெரியும். என் மகளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். அந்தக் கதையை நான் வாசிக்க, அவள் கேட்டாள். மனைவியும் குசினிக்குள் நின்று கேட்டார், கேட்காத மாதிரி.

போன ஞாயிறு அத்தானோடு வட்ஸ்அப்பில் கதைத்தோம். மகள் தன் அரைகுறைத் தமிழில், சுருக்குக் கம்பி வைக்கிறவர்களா உங்கள் பக்கம் என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முந்தி வைச்சனான் பிள்ளை, பண்டிக்கு. இப்ப கழட்டிப்போட்டன்" என்றார். உண்மையோ தெரியாது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலிக் காசைப் பற்றிச் சொன்னேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் கதைக்கிறேன் என்றேன். கமக்காரர் அமைப்பில் அவரும் கதைப்பதாகச் சொன்னார்.

வைக்கும் முன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உந்தப் படிப்பு எத்தினை வருசம் பிள்ளை?"

"பக் முடிச்சு ஆறு வருசமாவது வேணும் மாமா."

அத்தான் கைத்தொலைபேசியை வயல் பக்கம் திருப்பினார். வரம்பில் ஒரு பெரிய காலடி, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. "இது நேற்று வந்தவர்" என்றார். "பின்னங்கால் ஒண்டை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்."